கப்பலில் காலை டிபன் எங்கே: மேலே பஃபேவா, கீழே டைனிங் ரூமா, அறைக்கே வரவழைப்பதா?

#1 முத்தியால்பேட்டை

சிங்கப்பூரிலிருந்து 4 இரவுப் பயணம் பதிவு செய்திருக்கிறோம். 2-ஆம் நாள் பினாங்கு, 3-ஆம் நாள் புக்கெட், 4-ஆம் நாள் முழுக்கக் கடல், 5-ஆம் நாள் காலை மறுபடி சிங்கப்பூரில் இறக்கம். மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்குச் சர்க்கரை, காலையில் சாப்பாட்டோடு மாத்திரை. அம்மா சைவம், முட்டை கலந்த எதையும் தொடமாட்டார். 12 வயதில் பையன், 7 வயதில் பெண். காலை உணவு டிக்கெட்டிலேயே சேர்த்தி, ஆனால் சாப்பிட நாலைந்து இடம் இருக்கிறது என்கிறார்கள். எந்த நாள் எங்கே போனால் நேரமும் வயிறும் கெடாமல் இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் நாள்வாரியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 தேவனாம்பட்டினம்

இடத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, நாளைப் பார்த்து முடிவு பண்ணுங்க. அதே பஃபே கடல் நாள்ல ஒன்பது மணிக்குக் கல்யாணப் பந்தி மாதிரி நெரியும். துறைமுக நாள்ல ஒன்பது மணிக்குப் பாதி மேஜை காலியா கிடக்கும்.

பெரிய கப்பல்ல பொதுவா இருக்கிற இடங்கள் இவ்வளவுதான். மேல்தளத்துல நீச்சல் குளம் பக்கம் பஃபே, ஆறரை ஏழுக்குத் திறந்து பத்து பத்தரை வரைக்கும். கீழ்தளத்துல மெயின் டைனிங் ரூம், உட்கார்ந்தா மெனு அட்டை கொடுத்துப் பரிமாறுவாங்க. அங்க நேரம் குறைவு: துறைமுக நாள்ல ஏழுலேர்ந்து ஒன்பது, கடல் நாள்ல எட்டுலேர்ந்து ஒன்பதரைன்னு வச்சுக்கங்க, கதவைச் சொன்ன நேரத்துக்குச் சாத்திடுவாங்க. நடுத்தளத்துல சின்ன கஃபே, பன்னும் காபியும். அப்புறம் அறைக்கே வர்ற டிபன். சரியான நேரம் கப்பலுக்குக் கப்பல் மாறும். முந்தின நாள் சாயங்காலம் அறைக்கு வர்ற நிகழ்ச்சித் தாள்லயோ கப்பலோட ஆப்லயோ இருக்கும். அதைப் பார்க்காம படுக்காதீங்க.

உங்க பயணத்துக்கு:

முதல் நாள் காலை உணவு கப்பல்ல கிடையாது. மதியம் ஏறினதும் பஃபேல மதிய சாப்பாடுதான். விடியக்காலை விமானத்துல சாங்கி இறங்கினா வெளியவே டிபனை முடிச்சுட்டு ஏறுங்க. செக்-இன் வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னாலும் ஆச்சரியமில்ல, சர்க்கரை இருக்கிறவரை வெறும் வயித்தோட நிறுத்தாதீங்க.

புக்கெட் அன்னைக்கு பஃபே, திறந்த உடனே. கடல் நாள் அன்னைக்கு டைனிங் ரூம், நிதானமா. கடைசி நாள் மறுபடி பஃபே, அதுவும் சீக்கிரம். பினாங்கு மட்டும் கப்பல் எத்தனை மணிக்குக் கரை சேருதுங்கிறதைப் பொறுத்தது.

புக்கெட்டுக்கு ஏன் அவசரம்னா, பெரிய கப்பல்கள் அங்க பெரும்பாலும் கரையில கட்டாது. வெளியே நங்கூரம் போட்டு டெண்டர் படகுல இறக்குவாங்க. படகுக்கு முதல்ல நம்பர் வாங்கணும், அப்புறம் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும். டைனிங் ரூம்ல ஆறு பேரா உட்கார்ந்தா ஒரு மணி நேரம் போயிடும். அதுக்குள்ள ஐந்தாறு படகு கிளம்பிடும். ஆறு பேர்ல ஒருத்தர் போய் எல்லாருக்கும் நம்பர் வாங்க விடுவாங்களா, எல்லாரும் ஒண்ணா வரணுமாங்கிறதை முந்தின நாள் ராத்திரியே கெஸ்ட் சர்வீஸ்ல கேட்டு வச்சுக்கங்க. ஒருத்தர் போதும்னா அவர் போற நேரத்துல மத்தவங்க சாப்பிடலாம்.

#3 லாஸ்பேட்டை வாசி

அம்மாவைப் பற்றி. சைவம் என்பது ஒரு பிரச்சினை, முட்டை கூடாது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. கப்பலில் "வெஜிடேரியன்" என்று அட்டை வைத்திருந்தால் இறைச்சி இல்லை என்று மட்டும்தான் பொருள். பான்கேக், வாஃபிள், மஃபின், பிரெஞ்ச் டோஸ்ட் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. குவாசான் மாவில் இல்லாவிட்டாலும் மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருப்பார்கள். ஹாஷ் பிரவுன் உருளைக்கிழங்குதான், ஆனால் பல இடங்களில் பேக்கன் வாட்டிய அதே தட்டில் வாட்டுவார்கள், அல்லது மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். வேகவைத்த பீன்ஸில் சில வகைகளில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பழத் தயிர்க் கிண்ணங்களில் சிலவற்றில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கும்.

கேள்வி கேட்காமல் எடுக்கக்கூடியவை: டோஸ்ட், வெண்ணெய், ஜாம், கார்ன்ஃபிளேக்ஸ், முழுப் பழம். ஓட்ஸ் கஞ்சியைத் தண்ணீரிலா பாலிலா காய்ச்சியது என்று கேட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய, ஆகவே பஃபேயில் ஒரு மூலையில் உப்புமா, பூரி மசாலா, இட்லி சாம்பார் என்று ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தினமும் எல்லாமும் இருக்காது.

செய்ய வேண்டியது மூன்று. பதிவு செய்த நிறுவனத்துக்கு "முட்டையும் இல்லாத இந்திய சைவம்" என்று இப்போதே எழுத்தில் அனுப்புங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே போக வேண்டும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது டைனிங் ரூமில் ஹெட்வெயிட்டரைக் கூப்பிட்டு நேரில் மறுபடி சொல்லுங்கள். பயணத்துக்கு முன் அனுப்பிய குறிப்பு அவர் கைக்கு வந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அடுத்த நாள் காலை டைனிங் ரூமில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் என்ன வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். முந்தின இரவு சொன்னால் செய்து தருவார்கள், காலையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் முடியாது.

"முட்டை வேண்டாம்" என்று சொன்னால் தட்டில் ஆம்லெட் வைக்காமல் விடுவார்கள், அவ்வளவுதான். "மாவிலும் முட்டை கூடாது" என்று சொன்னால்தான் புரியும்.

#4 அடுப்படி, கடலூர் ஓ.டி.

கப்பல் சமையலறை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எங்கே எதை எடுக்கலாம் என்பது தானாக விளங்கும்.

பயணிகள் கப்பலில் எரிவாயு அடுப்பு வைப்பதில்லை. எல்லாம் மின்சாரத் தட்டு, நீராவிக் கொப்பரை, கன்வெக்‌ஷன் ஓவன். பஃபேக்கு வரும் உணவு மொத்தமாகச் செய்து சூடான பெட்டியில் காத்திருந்து வருவது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை வைத்திருக்கும் விதிப்படி சூடான உணவு 57 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 57 டிகிரியில் மணிக்கணக்கில் காத்திருந்தால் கிருமி வளராது. ஆனால் ருசி? அது பதார்த்தத்தைப் பொறுத்தது.

வெண்பொங்கல் தாங்கும். நெய்யும் ஈரமும் இருப்பதால் ஒரு மணி நேரம் கழித்தும் கரண்டியால் கிளறினால் இளகி வரும். சாம்பார், சன்னா, வேகவைத்த பீன்ஸ், ஓட்ஸ் எல்லாம் இதே கூட்டம். இட்லி தாங்காது. மேலே விளக்குச் சூட்டில் காய்ந்து தோல் கட்டும், அடியில் தட்டு நீராவியில் ஊறிப்போகும். வடை இன்னும் மோசம். மொறுமொறுப்பு பத்து நிமிடத்தில் போய்விடும், பிறகு தோல் மாதிரி இழுபடும். பூரி அதற்கு முன்பே அடங்கிவிடும். ஆகவே இட்லி, வடை, பூரி எடுப்பதென்றால் தட்டு மாற்றும்போது எடுங்கள். "அடுத்த தட்டு எப்போது வரும்" என்று கேட்டால் பரிமாறுபவர் சொல்லுவார். அதில் தவறாக நினைக்க எதுவுமில்லை.

பஃபேயில் உதிர்த்த முட்டை பெரும்பாலும் பாஸ்சரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) திரவ முட்டையில் செய்வது. சூட்டில் நெடுநேரம் காத்திருப்பதால் ஈரம் பிரிந்து ரப்பர் போலாகிவிடும். முட்டை சாப்பிடுகிறவர்கள் ஆம்லெட் மேஜைக்குப் போவதே மேல், ஆனால் வரிசையைக் கணக்குப் போடுங்கள். ஒரு சமையல்காரர், நாலு வாணலி, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் உங்களுக்கு முன் 20 பேர் நின்றால் 15 நிமிடம். பெரும்பாலான கப்பல்களில் பஃபே இடம் வலம் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல ஒரே அமைப்பு. லிஃப்ட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படும் வரிசையில்தான் கூட்டம் சேரும். அதே ஆம்லெட் மேஜை எதிர்ப்பக்கமும் இருக்கிறதா என்று முதல் நாள் மதியமே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டைனிங் ரூமில் முட்டையும் தோசையும் கேட்ட பிறகு செய்து வரும். மெதுவாக வருவதற்கும் அதுவே காரணம், ருசியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

#5 நெல்லித்தோப்பு

எல்லாரும் டைனிங் ரூமைத் தூக்கி வைக்கிறீங்க. ஏழு வயசுக் குழந்தையை ஒரு மணி நேரம் நாற்காலியில உட்கார வைக்கிறது எப்படின்னு யாரும் சொல்லல. பஃபேல பொண்ணு கேட்கிறதைக் கண்ணால பார்த்து எடுக்கும், பிடிக்கலேன்னா வேற எடுக்கும். டைனிங் ரூம்ல மெனுவைப் பார்த்துச் சொல்லி, இருபது நிமிஷம் கழிச்சு வந்து, அது நினைச்ச மாதிரி இல்லேன்னா மறுபடி இருபது நிமிஷம். இதோட ஆறு பேருக்குத் தனி மேஜை வேணும்னு கேட்கலேன்னா தெரியாதவங்களோட சேர்த்து உட்கார வைக்கிறதும் உண்டு. அம்மாவுக்கு அது சங்கடமா இருக்கும்.

கடல் நாளுக்கும் பஃபேயே போதும்னுதான் சொல்லுவேன். ஒன்பது மணிக்குப் போகாதீங்க, ஏழரைக்குப் போங்க. கடல் நாள்ல எல்லாரும் தூங்குவாங்க, அந்த நேரத்துல ஜன்னலோர மேஜை சுலபமா கிடைக்கும்.

#6 தேவனாம்பட்டினம்

நெல்லித்தோப்பு சொல்றது குழந்தைக்குச் சரி. ஆனா ஆறு பேரும் ஒரே இடத்துல சாப்பிட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லையே. கடல் நாள்ல தாத்தா பாட்டியோட ஒருத்தர் டைனிங் ரூம் போகட்டும், ரெண்டு பிள்ளைங்களோட ஒருத்தர் பஃபே போகட்டும். ரெண்டுக்கும் காசு கிடையாது. பாட்டிக்கு முந்தின ராத்திரி சொல்லி வச்சது டைனிங் ரூம்ல வரும், பிள்ளைங்க வாஃபிளை முடிச்சுட்டு நீச்சல் குளத்துக்கு அங்கிருந்தே போயிடலாம்.

தனி மேஜை விஷயம் உண்மை. வாசல்ல "ஆறு பேர், தனி மேஜை" அப்படின்னு சொல்லிடணும். காலையில ஆள் குறைவா இருக்கிறப்ப பக்கத்து பக்கத்துல சேர்த்து உட்கார வைக்கிறது பரிமாறுறவங்க வசதிக்காகத்தான். கேட்டா மாத்திக் கொடுப்பாங்க.

#7 வில்லியனூர்

யாரும் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பஃபே காலை 10-க்கு மூடுகிறது என்றால் உங்கள் உடம்புக்கு அது 7.30. நாலரைக்கு எழுந்து பழகிய பெரியவர்களுக்கு அங்கே மணி ஏழு, சரியாகப் பொருந்தும். ஏழரைக்கு எழுகிற பையன் கண் விழிக்கும்போது பஃபேயில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு காலைக்கு எழுப்பும் அழைப்பு கேட்டு வைப்பது அவசியம்.

அடுத்தது, தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் வந்ததும் கைப்பேசி கரைக் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மணியை மாற்றிக்கொள்ளும். கப்பல் மாற்றுமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சில கப்பல்கள் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். பஃபே நேரமும் கடைசிப் படகு நேரமும் எப்போதும் கப்பல் நேரத்தில்தான். கைப்பேசி ஆறு என்றால் கப்பலில் ஏழாக இருக்கலாம். அறையில் இருக்கும் தொலைபேசித் திரையில் காட்டுவது கப்பல் நேரம், அதை நம்புங்கள். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டிக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம், அங்கே குழப்பமில்லை. அங்கே ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் கட்டும், படகு வேண்டாம். துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா நடந்து போகும் தூரம். காலையிலேயே கரை சேர்ந்தால் கப்பலில் ஒரு காபியும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, டிபனை அங்கே சைவ உணவகத்தில் வைத்துக்கொள்ளலாம். தோசை, இட்லி, வடை சுடச்சுடக் கிடைக்கும்; கடைக்காரரிடம் தமிழிலேயே முட்டை இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு அந்த நான்கு நாளில் இதைவிட நிம்மதியான காலை உணவு அமையாது.

#8 அரியாங்குப்பம்

வில்லியனூர் சொல்வதில் ஒரு திருத்தம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை "காபியும் பழமும்" கொடுத்து நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். இறங்கும் வரிசை, குடிநுழைவு, வெயிலில் நடை எல்லாம் சேர்ந்தால் உட்கார்ந்து சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மாத்திரையைப் போட்டுவிட்டு அவ்வளவு நேரம் தள்ளினால் சர்க்கரை இறங்கிவிடலாம். அப்பாவுக்குக் கப்பலிலேயே முழு டிபன், மற்றவர்களுக்கு வேண்டுமானால் லிட்டில் இந்தியா. இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு மாத்திரையை எப்படி நகர்த்துவது என்பதைப் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் இது இன்னும் முக்கியம்.

பஃபேயில் அவர் கவனிக்க வேண்டியவை. குழாயில் பிடிக்கிற "ஜூஸ்" பெரும்பாலும் சர்க்கரைக் கரைசல். வேகவைத்த பீன்ஸ் குழம்பில் சர்க்கரை சேர்ந்திருக்கும். பிர்ச்சர் மியூஸ்லி (பழத்தோடு ஊறவைத்த ஓட்ஸ்) ஆரோக்கியமாகத் தெரியும், அதில் தேனும் கிரீமும். பழத் தயிரில் இனிப்பு. வெறும் தயிர் கேளுங்கள். முட்டை சாப்பிடுவார் என்றால் இரண்டு அவித்த முட்டை, வதக்கிய காளான், வாட்டிய தக்காளி, ஒரு கோதுமை டோஸ்ட். சாப்பிடமாட்டார் என்றால் சன்னாவோ சாம்பாரோ அதிகமாக, கூட ஒரு டோஸ்ட் அல்லது இரண்டு இட்லி. முழு ஆப்பிள் சரி, வெட்டி வைத்த அன்னாசி, மாம்பழம் கொஞ்சமாக.

பஃபேயில் இவருக்கு ஆபத்து ருசியால் வருவதில்லை, அளவால் வருகிறது. ஆறேழு வகையில் ஒவ்வொரு கரண்டி எடுத்தாலே தட்டு நிறைந்துவிடும். டைனிங் ரூமில் ஒரு அயிட்டம் கேட்டால் ஒன்றுதான் வரும். எனவே கடல் நாளில் அவரை டைனிங் ரூமுக்கு அனுப்பும் யோசனை எனக்குச் சரியாகவே படுகிறது. பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

#9 முத்தியால்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அம்மாவுக்குப் பேருந்தில் போனாலே குமட்டும். கப்பல் ஆடினால் எங்கே உட்கார வைப்பது, என்ன கொடுப்பது? இன்னொன்று, காபி. வீட்டில் எல்லோரும் ஃபில்டர் காபிக்காரர்கள். டிகாக்‌ஷன் எடுத்துப் போக முடியுமா, கெட்டில் கொண்டுபோகலாமா?

#10 திருப்பாதிரிப்புலியூர்

ஆட்டம் குறைவான இடம் கப்பலின் நடுவும் அடியும். பஃபே உச்சித் தளத்தில் இருப்பதால் பக்கவாட்டு ஆட்டம் அங்கே அதிகம் தெரியும். டைனிங் ரூம் கீழே இருப்பது நல்லது, ஆனால் பல கப்பல்களில் அது பின்கோடியில் இருக்கும். அங்கே ஏறி இறங்குவதும் புரொப்பல்லர் அதிர்வும் தெரியும். டைனிங் ரூம் போனால் நடுக்கப்பல் பக்கம் இருக்கும் வாசலுக்கு அருகில் மேஜை கேளுங்கள். ஜன்னலில் தொடுவானம் தெரியும்படி, கப்பல் போகும் திசையைப் பார்த்து உட்கார வையுங்கள். மேஜையில் குனிந்து கைப்பேசி பார்ப்பதுதான் முதல் எதிரி.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், நெய் வழியும் பொங்கலும் கூட்டும். உலர்ந்த டோஸ்ட், உப்பு பிஸ்கட், சாம்பார் ஊற்றாத இட்லி, பச்சை ஆப்பிள், இஞ்சி போட்ட டீ. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஆரஞ்சு ஜூஸும் கறுப்புக் காபியும் வெறும் வயிற்றில் வேண்டாம். குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேருமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தூக்கமும் வரும்.

மலாக்கா ஜலசந்தி பொதுவாக அமைதி. புக்கெட் பக்கம் அந்தமான் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில், மே முதல் அக்டோபர் வரை, கொந்தளிக்கும். அந்த மாதங்களில் போனால் புக்கெட் காலையில் அம்மாவுக்குக் கனமான டிபன் வேண்டாம். டெண்டர் படகு பெரிய கப்பலைவிட அதிகம் ஆடும்.

#11 குருசுக்குப்பம்

கெட்டில், முக்கிச் சூடாக்கும் கம்பி, மின்சார அடுப்பு எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். தீ ஆபத்து. ஏறும்போது எக்ஸ்ரேயில் தெரியும், எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். சில கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்த உணவும் அனுமதி இல்லை; டிகாக்‌ஷன் பாட்டில் அதில் அடங்கிவிடும். முத்திரை பிரிக்காத பாக்கெட்டில் சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் காபி, இட்லி மிளகாய்ப்பொடி, ஊறுகாய்ச் சாஷே இவை பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை.

பஃபே காபி ஏன் நமக்குப் பிடிப்பதில்லை என்றால் மூன்று காரணம். பெரிய கலனில் வடித்துச் சூடாகவே வைத்திருப்பதால் கசப்பு ஏறும். சிக்கரி இல்லை. எல்லாவற்றையும்விட, பால் குளிர்ந்தது. சீரியலுக்கு வைத்த பாலை ஊற்றினால் டம்ளர் வெதுவெதுப்பாகிவிடும். டைனிங் ரூமில் "ஒரு குடுவை சூடான பால்" என்று கேட்டால் கொண்டுவருவார்கள். அதில் உங்கள் பாக்கெட் காபியைக் கலந்தால் வீட்டுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். பஃபேயில் பால் கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.

நடுத்தளக் கஃபேயில் சாதாரணக் காபியும் பன்னும் பல கப்பல்களில் இலவசம், எஸ்ப்ரெஸ்ஸோ வகைகளுக்குக் காசு. பஃபே திறக்கும் முன்பே எழுந்துவிடுகிற பெரியவர்களுக்கு அந்த இடம் நல்லது, ஆறு மணிக்கே அமைதியாக உட்காரலாம். பெரிய கப்பல்களில் ரொட்டியை ராத்திரியே கப்பலில் சுட்டுவிடுவார்கள். பாகெத் என்னும் நீளப் பிரெஞ்சு ரொட்டி அந்த நேரத்தில் ஓடு மொறுமொறுப்பாக இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

#12 பாகூர்

சென்னையிலிருந்து கிளம்புகிற கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலுக்கும் இதெல்லாம் பொருந்துமா? கப்பல் புதுச்சேரிக்கு வந்தால் கரையில் சாப்பிடுவது மேலா?

#13 அடுப்படி, கடலூர் ஓ.டி.

பொருந்தும், ஆனால் அளவு சிறியது. அந்த எம்ப்ரஸ் கப்பல் 1990-இல் பிரான்சின் சான்-நசேரில் கட்டியது, அப்போது நார்டிக் எம்ப்ரஸ் என்று பெயர். இன்றைய பெரிய கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுகூட வராது. பஃபேக்கு அங்கே ஃபுட் கோர்ட் என்று பெயர், உட்கார்ந்து சாப்பிட ஸ்டார்லைட். இரண்டும் டிக்கெட்டில் சேர்த்தி. பயணிகள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் என்பதால் சைவமும் ஜைன உணவும் தனியாகக் கேட்டுப் போராட வேண்டியதில்லை. அதே காரணத்தால் இட்லி, பூரி பக்கம்தான் வரிசை நீளும்; ரொட்டி, முட்டைப் பக்கம் சீக்கிரம் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடா ஆடும், திருப்பாதிரிப்புலியூர் சொன்னது அத்தனையும் அப்போது வேண்டும்.

புதுச்சேரியில் பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்கும் ஆழம் துறைமுகத்தில் இல்லை. 2025 ஜூலையில் வந்தபோதும் கடலில் நின்றுதான் சிறு படகில் ஆட்களை இறக்கினார்கள். ஆகவே புக்கெட் கணக்குத்தான்: படகு எப்போது கூப்பிடும் என்று நம் கையில் இல்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அப்படி வந்தால் கப்பலில் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். பத்து மணிக்குள் கரை சேர்ந்தால் நேரு வீதிப் பக்கம் இன்னும் பொங்கல் வடை இருக்கும். பதினொன்றுக்கு மேல் ஆனால் பல ஓட்டல்களில் டிபன் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

#14 நெல்லித்தோப்பு

கை கழுவுறதைப் பத்தி யாரும் எழுதல, பஃபேக்குன்னு பேசினா அதுதான் முதல்ல வரணும். கப்பல்ல பரவுற வாந்தி பேதிக்கு முக்கியக் காரணம் நோரோ வைரஸ். வாசல்ல தெளிக்கிற ஆல்கஹால் ஜெல் அதுக்குச் சரியா வேலை செய்யாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்ச்சுக் கழுவணும். பல கப்பல்ல பஃபே நுழைவுலயே கழுவு தொட்டி வச்சிருக்காங்க, ஜெல்லோட நிறுத்திக்காதீங்க. உணவு எடுக்கிற இடுக்கியை ஆயிரம் கை தொடும். அதனால எடுத்து முடிச்சு, தட்டை மேஜையில வச்சுட்டு, இட்லியைக் கையால பிட்டுச் சாப்பிடுறதுக்கு முன்னாடி மறுபடி ஒரு தடவை கழுவுங்க. நாம கையால சாப்பிடுறவங்க, நமக்கு இது மத்தவங்களைவிட ரெட்டிப்பு முக்கியம். சின்னப் பொண்ணுக்குப் பெரியவங்களே எடுத்துக் கொடுங்க.

யாருக்காவது வயிறு கலங்கினா அவங்க பஃபேக்கு வரவே கூடாது. மருத்துவப் பிரிவுக்குச் சொல்லிட்டு அறைக்கே வரவழைச்சுக்கணும்.

#15 லாஸ்பேட்டை வாசி

அறைக்கு வரவழைப்பதற்கான முறை. கட்டிலருகே அல்லது மேஜையில் ஆர்டர் அட்டை இருக்கும், அதை நிரப்பிக் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். எடுக்கும் நேரம் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும், நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணி என்று. தூங்கும் முன் மாட்டிவிடுங்கள். சில நிறுவனங்களில் இப்போது ஆப்பிலோ தொலைக்காட்சியிலோ பதிவு செய்ய வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, கட்டத்தில் டிக் போடுவது. டிக் போட்டால் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "காபி 2, டோஸ்ட் 4, சூடான பால் 1" என்று எண்ணிக்கை எழுதுங்கள். பட்டியலில் இல்லாததைக் கீழே குறிப்பில் எழுதலாம், தருவது நிச்சயமில்லை. ரொட்டி, பழம், சீரியல், காபி போன்ற கான்டினென்டல் பல நிறுவனங்களில் இலவசம். சூடான முட்டை வகைகளுக்குச் சில நிறுவனங்கள் கட்டணம் போடுகின்றன, அட்டையில் எழுதியிருக்கும். நேரம் அரை மணி இடைவெளியாக இருக்கும். 7.00 முதல் 7.30 என்று போட்டால் ஆறே முக்காலுக்கும் கதவைத் தட்டலாம், ஏழரைக்கும் தட்டலாம்.

அறையில் இருக்கும் சின்ன வட்ட மேஜையில் இரண்டு பேர் தட்டுதான் பிடிக்கும். ஆறு பேருக்கு இது ஒத்துவராது. பினாங்கு நாளில் அப்பா அம்மா அறைக்கு மட்டும் போடுங்கள்: அப்பாவுக்கு மாத்திரை நேரத்துக்கு டோஸ்ட்டும் வெறும் தயிரும், அம்மாவுக்குச் சூடான பால். பால்கனியில் வைத்துச் சாப்பிடுவதென்றால் காற்றில் பேப்பர் நாப்கினும் மூடியும் பறக்கும், கதவை ஒட்டி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

#16 முத்தியால்பேட்டை

பிள்ளைகளுக்குப் புக்கெட் போகும்போது பஃபேயிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் பையில் போட்டுக்கொள்ளலாமா? கடைசி நாள் எத்தனை மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும்?

#17 தேவனாம்பட்டினம்

பழம், முட்டை, இறைச்சி வச்ச ரொட்டி எதையும் கரைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. பல துறைமுகத்துல சட்டப்படி தடை, வாசல்ல பையைத் திறந்து பார்ப்பாங்க, அபராதமும் உண்டு. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் இருந்தா போதும், அதை ஊர்லேர்ந்தே கொண்டு போங்க. தண்ணி பாட்டிலை நிரப்பிக்கங்க. பஃபேல நேரா பாட்டிலைக் குழாய்ல வைக்க விடமாட்டாங்க, டம்ளர்ல பிடிச்சு ஊத்தணும்.

கடைசி நாள் அறைக்கு டிபன் வராது, பெரும்பாலான கப்பல்ல அன்னைக்கு அந்தச் சேவையை நிறுத்திடுவாங்க. பஃபேயும் எட்டு எட்டரைக்கெல்லாம் மூடும். அறையை எட்டு மணி சுமாருக்குக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பெரிய பெட்டிகளை முந்தின ராத்திரியே வெளிய வச்சிருப்பீங்க, அதனால மாத்திரை, மாத்துத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில இருக்கணும். மாத்திரையைப் பெரிய பெட்டியில போட்டுட்டா காலையில சாப்பாட்டு நேரத்துக்குக் கைக்கு வராது.

கப்பல் நேரம் ஆறுக்கு எழுந்திருங்க. ஆறரைக்கு ரெண்டு பேர் முன்னாடி போய் மேஜை பிடிக்கட்டும், மத்தவங்க அறையை ஒரு தடவை அலசிட்டு எல்லாக் கைப்பையையும் எடுத்துட்டு நேரா பஃபேக்கு வரட்டும், திரும்ப அறைக்குப் போற மாதிரி வச்சுக்காதீங்க. அன்னைக்கு லிஃப்ட் கிடைக்காது. உங்க இறங்கும் நம்பர் ஒன்பது மணிக்கு மேலன்னா கீழ டைனிங் ரூம் திறந்திருக்கான்னு முந்தின நாள் தாள்ல பாருங்க. திறந்திருந்தா அப்பா அம்மாவுக்கு அங்கதான் நாற்காலியும் நிம்மதியும் கிடைக்கும்.